ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து செத்த லீவு

சனிக்கிழமை மதியம் தேநீர் வேளையில் துக்கத்துக்கு வந்திருந்தவர்கள்: பெரிய சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மிஷின் அக்கா, கை நிறைய பிஸ்கட்டோடு. இஸ்திரி மேசைக்காரர், கோபம் வந்தால் பெட்டியைவிட அதிகமாகப் புகைவார் என்பதால் ‘நீராவி’ என்று பெயர் வாங்கியவர். விரிப்புகளின் ஒரு முனையைப் பிடிக்கும் கொக்கு, நெட்டையாய், கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு. மறுமுனையைப் பிடிக்கும் மடிப்புக்காரி. தேநீருக்குக் காசு கொடுத்த முதலாளி. கணக்கு எழுத வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், எல்லாருக்கும் ‘புதுசு’. செத்துக் கிடந்தது நாளைய லீவு.

பிணத்துக்குப் பதிலாக ஒரு தலையணை உறையைச் சுருட்டி மேசைமேல் நீளமாகக் கிடத்தியிருந்தார்கள்.

அந்தச் சலவைக்கூடத்தில் இது நெடுநாள் வழக்கம். ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம் அது. ஞாயிறு வார விடுமுறை. காலண்டரில் சிவப்பாய் இருக்கும் பொது விடுமுறை எதுவாவது ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தால், அது செத்துப்போனதாகக் கணக்கு. முதலாளியின் அப்பா காலத்தில் யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது. முந்தின நாள் கூடி நின்று இரங்கல் பேசுவார்கள். அன்றைய தேநீரும் பிஸ்கட்டும் முதலாளி செலவு. துக்க வீட்டில் பேரம் பேசுவது அழகில்லை என்பதாலோ என்னவோ, போன நாளைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசியதில்லை.

“அன்னார் ரொம்ப நல்லவர்,” என்று நீராவி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “போன வருஷம் சனிக்கிழமை வந்து, நம்மளை எல்லாம் ரெண்டு நாள் சேர்த்துப் படுக்க வச்சு அழகு பார்த்த புண்ணியவான். இந்த வருஷம் கால் தடுக்கி ஞாயித்துக்கிழமைக்குள்ள விழுந்துட்டார். நீச்சல் தெரியாது.”

“எனக்கு அழுகை வரலை,” என்றாள் மிஷின் அக்கா. “அந்தத் தட்டை இப்படித் தள்ளு, வருதான்னு பார்க்கிறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மடிப்புக்காரி சிரித்த மாதிரி உதட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் மனசு திங்கட்கிழமையில் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் மகளுக்குக் காதுக் கருவி மாட்டுகிறார்கள். ஐந்து வயது. இதுவரை எந்தச் சத்தமும் சரியாகக் காதில் விழாத பிள்ளை. அது தெரியவே வெகுநாள் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் இந்தச் சலவைக்கூடம். இயந்திரங்கள் ஓடும்போது இங்கே வாயால் பேசிப் பயனில்லை, எல்லாம் கைஜாடைதான். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. கட்டைவிரலை உதட்டுக்குச் சாய்த்தால் டீ. இல்லாத மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் மடிப்புக்காரிக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். பிள்ளை கையைப் பார்த்துக் காரியம் செய்தது. கூப்பிட்டால் வருகிறாள், நிறுத்தென்றால் நிறுத்துகிறாள், என்ன சமத்து என்று தாய் பூரித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு பரிசோதனை, இன்னொரு பரிசோதனை, இன்னொரு டாக்டர். இருந்த லீவெல்லாம் அதில் தீர்ந்தது. தீர்ந்த பிறகு கேட்டு வாங்கிய நாட்களும் தீர்ந்தன. ஒவ்வொரு தடவையும் முதலாளியின் அறை வாசலில் நின்று பிள்ளையின் காதைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் இல்லையென்று சொன்னதில்லை. “ஐயோ பாவம், போயிட்டு வாம்மா” என்பார். அந்த ஐயோ பாவத்தை இன்னொரு தரம் வாங்க அவளால் முடியவில்லை. சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால், நாள் தவறாமல் வருகிறவர்களுக்கு மாதக் கடைசியில் கிடைக்கும் வருகைப்படி போய்விடும். கருவிக்கு வாங்கிய கடனைக் கட்டுவது அந்தப் படியில்தான். வீட்டுக்காரன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவன். லீவையொட்டிய நாட்களில்தான் அவனுக்கு வண்டி நிரம்பும். அதனால் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையின் காதில் முதலில் விழப்போவது பக்கத்து வீட்டு அக்காவின் குரல். நல்ல குரல்தான். இருந்தாலும் நேற்று ராத்திரி முழுக்க அந்தக் குரலை நினைத்துக்கொண்டு மடிப்புக்காரி விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

“யாரு செத்தது?” என்றாள் புதுசு. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

“நாளைக்கு வர்ற லீவும்மா,” என்றார் நீராவி. “ ஞாயித்துக்கிழமையில விழுந்து செத்துப்போச்சு.”

“லீவு எப்படிச் சாகும்? அதான் திங்கக்கிழமைக்குப் போயிடுமே.”

நீராவி, பிணத்தின்மேல் தூவ வைத்திருந்த பிஸ்கட் தூளைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“எங்க போகும்?”

“திங்கக்கிழமைக்கு. வார லீவு அன்னிக்குப் பொது லீவு விழுந்தா, அடுத்த வேலை நாள் லீவு. சம்பளத்தோட. நான் முன்ன இருந்த கம்பெனில அப்படித்தான் போடுவோம், சட்டத்துலயே இருக்கு.” எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் குரல் இறங்கிவிட்டது. “இங்கயும் திங்கக்கிழமை லீவுன்னுதான் நினைச்சேன். அம்மாவைப் பார்க்கப் போக டிக்கெட்கூட எடுத்துட்டேன்.”

“நம்ம இடத்துல அப்படி வழக்கம் இல்லம்மா,” என்றார் முதலாளி. கோபமில்லாமல், வழி தெரியாதவர்களுக்குத் திசை காட்டுகிற குரலில்.

“வழக்கம் இருக்கட்டும் சார். இது வழக்கத்தைப் பொறுத்தது இல்ல.”

முதலாளி ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அறைக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் தலையாட்டுவது தெரிந்தது. முதலில் பக்கவாட்டில் ஆட்டினார். அப்புறம் மேலும் கீழுமாக. கடைசியில் ஆட்டாமல் நின்றார்.

வெளியே வந்தபோது அவர் முகம் சுருங்கியிருந்தது.

“அந்தப் பொண்ணு சொல்றது சரிதானாம்.”

அவர் மேசைமேல் கிடந்த தலையணை உறையைப் பார்த்தார்.

“எங்கப்பாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படி டீ வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்.”

“தெரிஞ்சதால வாங்கிக் கொடுத்தாரோ என்னமோ,” என்றார் நீராவி.

மிஷின் அக்கா அவர் விலாவில் இடித்தாள். ஆனால் முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியும் இருக்குமோ என்று யோசிக்கிற முகமாக இருந்தது. செத்துப்போன அப்பனைப் பற்றி அப்படி யோசிப்பது எந்த மகனுக்கும் சுலபமில்லை. மடிப்புக்காரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐயோ பாவம் என்பது இந்தப் பக்கத்திலிருந்தும் போகும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்ப முன்ன செத்த லீவெல்லாம்?” என்றார் நீராவி.

“சமீபத்துல போனதைக் கேக்கலாம்,” என்றாள் புதுசு. “ரொம்பப் பழசுன்னா முடியாதுன்னு நினைக்கிறேன். பார்த்துத்தான் சொல்லணும்.”

“ஒவ்வொரு தரமும் டீ வாங்கினேனே, அதையாவது கழிச்சுக்கலாமா?”

“டீ தனி சார். லீவு தனி.”

இதற்குச் சிரிப்பு வந்தது. முதலாளியும் சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷமே தொழில்காரராகிவிட்டார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகாவிட்டால் நோயாளிகளை வெறும் மெத்தையில்தான் படுக்க வைக்க வேண்டும். அவர்களுக்கு ஞாயிறும் இல்லை, லீவும் இல்லை. அதற்கு என்ன செய்வது?

புதுசு சொன்னாள்: கூப்பிடலாம். வருவது அவரவர் இஷ்டம். வந்தால் அன்றைக்கு இரட்டைச் சம்பளம். அந்தப் பணம் வேண்டாமென்றால் அதற்குப் பதில் வேறொரு நாள் லீவாக எடுத்துக்கொள்ளலாம். வராதவர்களுக்கும் அன்றைய சம்பளம் உண்டு. அவர்களுடைய வருகைப்படியில் கை வைக்க முடியாது.

“ரெட்டையா? நான் வர்றேன்,” என்றாள் மிஷின் அக்கா, வாயில் பிஸ்கட்டோடு.

“நான் இப்பவே வந்து படுத்துக்கவா?” என்றார் நீராவி.

கொக்கு தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குப் பணம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியதை இன்னும் கட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தங்கச்சிக்கு இரண்டாவது குழந்தையே பிறந்துவிட்டது.

முதலாளி மடிப்புக்காரியைப் பார்த்தார். அவள் வருவாள் என்றுதான் பார்த்தார்.

“நான் திங்கக்கிழமை வரலை முதலாளி.”

“ஏம்மா? என்ன விஷயம்?”

அவள் வாயைத் திறந்தாள். காது, கருவி, டாக்டர், ஆரம்பம் முதல் முடிவு வரை எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம்.

“காரணம் சொல்லணும்னு இல்லக்கா,” என்றாள் புதுசு, தன் தேநீரைப் பார்த்தபடி. “அது உங்க நாள்.”

மடிப்புக்காரி வாயை மூடிக்கொண்டாள். எங்கோ இடுப்புப் பக்கம் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்த மாதிரி இருந்தது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“சரிதான், சொல்ல வேண்டாம்,” என்றார் முதலாளி. “ஆனா விரிப்பை யாரு மடிக்கிறது? இது ஒருத்தர் வேலை இல்லையே.”

அது உண்மை. ஆஸ்பத்திரி விரிப்பு ஆள் உயரத்தைவிட நீளம். இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று, உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். தனியாளாக மடித்தால் தரையில் புரளும். புரண்டால் திரும்பவும் வெளுக்க வேண்டும். அவள் வராவிட்டால் கொக்குக்கு வேலையில்லை. வேலையில்லாவிட்டால் இரட்டைச் சம்பளமும் இல்லை. இது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரும் கொக்கைப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. மிஷின் அக்கா போய் விசையைப் போட்டாள். இயந்திரங்கள் உறுமத் தொடங்கின. பேச்சு நின்றுபோனது.

மடிப்புக்காரியும் கொக்கும் விரிப்பை எடுத்தார்கள். உதறினார்கள். மடித்தார்கள். நடந்து வந்து சேர்ந்தார்கள். அவன் கையிலிருந்த முனைகளை அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு விரிப்புக்கும் இப்படி ஒரு தரம் முகத்துக்கு முகம் வர வேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை அவள் தன் வீட்டுக்காரன் முகத்தைவிட அதிகமாகப் பார்த்திருப்பாள். அதில் ஒன்றும் இல்லை. தினமும் பார்க்கிற சுவர் மாதிரி. ஆனால் இன்றைக்கு அந்தச் சுவரைப் பார்க்கக் கண் கூசியது.

ஏழெட்டு விரிப்பு போயிருக்கும். அவள் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையால் பேசினாள்.

குட்டி. இடுப்பளவு உயரம் காட்டினாள். காதைத் தொட்டாள். எதையோ மாட்டுவது போலக் காட்டினாள். பிறகு, அடுத்த வேலை நாளுக்கு அவர்கள் வைத்திருந்த ஜாடையாக உள்ளங்கையைப் புரட்டிப் போட்டாள்.

கொக்கு புரிந்துகொள்ள நேரம் எடுத்தான். புரிந்ததும் கழுத்து இன்னும் நீண்டது. குட்டி ஒருநாள் இங்கே வந்து, எல்லாரோடும் கையாலேயே பேசி, நீராவிக்கே ‘டீ வேணுமா’ என்று ஜாடை காட்டிவிட்டுப் போன பிள்ளை. அன்றைக்கு அவன் தன் பங்கு பிஸ்கட் முழுவதையும் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

அவன் விரிப்பைக் கீழே வைத்தான். வேலை நேரத்தில் அவன் அப்படி வைத்து அவள் பார்த்ததில்லை. அவள் அருகில் வந்து, காதோரமாகக் குனிந்து கத்தினான்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னா நீங்க எல்லாம் பாவம் பார்ப்பீங்க, அண்ணே.”

“பார்ப்போம்தான். அதுக்கென்ன இப்ப?”

அவன் இரண்டடி போய்த் திரும்பி வந்தான்.

“என் காசை நீ வாங்கிட்டுப் போற மாதிரி மூஞ்சியை வச்சிருக்கியே. நீ உன் நாளை எடுக்கிற. எனக்கு வேற முனை கிடைக்காமலா போயிடும்?”

அவன் நேராக முதலாளியின் அறைக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் விளக்குவதும், முதலாளி இரண்டு கையையும் விரித்து மறுப்பதும் தெரிந்தது. தன்னைப் பற்றித்தான் சொல்கிறானோ என்று அவள் அவன் கைகளையே பார்த்தாள். ஆனால் அவன் கை காதுப் பக்கம் போகவே இல்லை. விரிப்பைப் பிடிப்பது போல மட்டும் காட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் இயந்திரங்கள் நின்ற பிறகு முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கொக்கு அவர் கையில் ஒரு முனையைக் கொடுத்தான்.

“உதறுங்க.”

அவர் உதறியதில் விரிப்பு அவர் தலைமேலேயே வந்து விழுந்தது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க,” என்றாள் மிஷின் அக்கா.

“இப்ப என்ன, நான் உன்னைப் பார்த்து வரணுமா?” என்றார் முதலாளி கொக்கிடம்.

“நீங்களும் வரணும்,” என்றான் கொக்கு. “நான் முழுசா வர மாட்டேன். பாதி வழியில நின்னுடுவேன்.”

“யாருய்யா இங்க முதலாளி?”

“திங்கக்கிழமை நீங்க மடிப்புக்காரர்,” என்றார் நீராவி. “உங்களுக்கும் ரெட்டைச் சம்பளம் உண்டான்னு அந்தப் பொண்ணைக் கேளுங்க.”

“உங்களுக்கு லீவே கிடையாது சார்,” என்றாள் புதுசு, பையைத் தோளில் மாட்டியபடி. “நீங்கதான் கொடுக்கிற ஆளு.”

நாலைந்து தடவை முயன்ற பிறகு ஒரு விரிப்பு சுமாராக மடிந்தது. ஓரம் கோணல். முதலாளி அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடிப்புக்காரி இருந்த பக்கம் நீட்டினார்.

“பரவாயில்லையா?”

“நோயாளி தூங்கிட்டா தெரியாது முதலாளி,” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். எதற்கு லீவு என்று மறுபடி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது. கேட்காமல் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால், கிளம்பும்போது, அவளாகவே போய்ச் சொன்னாள். ஒரே வரியில். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, போகிற போக்கில்.

“குட்டிக்குக் காதுல மிஷின் மாட்டுறாங்க.”

“அப்படியா?” என்றார் அவர். பிறகு, “நல்லது,” என்றார். ஐயோ பாவம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, குட்டிக்குக் கருவி மாட்டும் ஆஸ்பத்திரியில் பாதி அறைகள் பூட்டியிருந்தன. கருவி மாட்டுகிற பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, தூக்கம் போதாத கண்ணோடு இருந்தாள்.

“எங்களுக்கும் இன்னிக்கு லீவுதான்,” என்றாள். “குழந்தைங்களுக்குக் கொடுத்த நேரத்தை மாத்த முடியாதுன்னு காலையில மட்டும் வந்திருக்கேன்.”

“உங்களைக் கேட்டுத்தானே கூப்பிட்டாங்க?” என்றாள் மடிப்புக்காரி. “ரெட்டைச் சம்பளம் உண்டு, தெரியுமில்ல?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “தெரியும்க்கா. நீங்க எந்த யூனியன்?”

“நான் துணி மடிக்கிறவ.”

கருவி மொச்சைக் கொட்டை அளவுதான் இருந்தது. இவ்வளவுக்கா இத்தனை கடன் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண் அதைக் குட்டியின் காதுக்குள் வைத்து, மடலுக்குப் பின்னால் கம்பியை வளைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். மடிப்புக்காரியை எதிரே உட்காரச் சொன்னாள்.

“இப்ப ஓடுது. பேசுங்க. சத்தமா வேண்டாம். சாதாரணமா, மெதுவா.”

மெதுவாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சலவைக்கூடத்தில் கத்தல், இல்லையென்றால் கை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று அவளிடம் இருந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று பேருந்தில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். அழகான ஒரு வரி. அது இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. கைகள் தானாக எழுந்தன. அவற்றைப் பிடித்து மடிக்குள் வைத்து, தொடைகளால் நெருக்கிக்கொண்டாள்.

“பசிக்குதா?” என்றாள்.

குரல் கரகரத்தது. யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது. குட்டி மேசைமேல் இருந்த மர யானையின் தும்பிக்கையைத் திருகிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“கண்ணு. அம்மா பேசுறேன்.”

குட்டி காதைச் சொறிந்தாள். கருவியைப் பிடுங்கப் பார்த்தாள். அந்தப் பெண் கையைப் பிடித்துத் தடுத்ததும் உதட்டைப் பிதுக்கினாள். கொட்டாவி விட்டாள். மறுபடி யானை.

“முதல் நாள் இப்படித்தான்க்கா இருக்கும்,” என்றாள் அந்தப் பெண். “சிலது அழும். சிலது கண்டுக்காது. சத்தம்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதே. கொஞ்ச நாள் ஆகும். தினமும் பேசிட்டே இருங்க.”

“வேலை செய்யுதா அது?”

“செய்யுது.”

மடிப்புக்காரி தலையாட்டினாள். பேட்டரி மாற்றுவது, ஈரம் படாமல் துடைப்பது, இரவில் கழற்றி வைப்பது எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஒன்றிரண்டை இரண்டாம் தரமும் கேட்டாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுவதற்கு என்ன இருக்கிறது என்றும் இருந்தது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். கருவி ஓடுகிறது. தானே எதிரே உட்கார்ந்திருந்தாள். வேறு யாரோ உட்கார்ந்து, ‘ஒண்ணும் கேட்ட மாதிரி தெரியலை’ என்று வந்து சொல்லியிருந்தால், அவள் அதை நம்பாமலும் நம்பியும் செத்திருப்பாள்.

யானையைத் திருப்பிக் கொடுக்கக் குட்டிக்கு மனசில்லை. அந்தப் பெண்ணே விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வாங்கினாள். விளக்கை அணைத்தாள். மூவரும் நடைபாதைக்கு வந்தார்கள். நீளமான, ஆளில்லாத நடைபாதை. மடிப்புக்காரி பிள்ளையின் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். மதியத்துக்கு என்ன சமைப்பது, எப்போது பேருந்து என்று மனசு வேறு கணக்குக்குப் போயிருந்தது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் கதவை இழுத்துச் சாத்தினாள். கனமான கதவு, ‘டொம்’ என்று சட்டத்தில் மோதி நின்றது. சாவியை நுழைத்துத் திருப்பினாள்.

கைக்குள் இருந்த சின்னக் கை இறுகியது. குட்டி நின்றாள். திரும்பி, பூட்டிய கதவைப் பார்த்தாள்.